நரி படத்தில் இருக்கிறது, வரியில் இல்லை

பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த 'ரோசிஸ் வாக்' என்ற ஆங்கிலப் படநூலில் மொத்தக் கதையும் ஒரே வாக்கியம். 32 சொற்கள். ரோசி என்கிற கோழி முற்றத்தின் குறுக்கே நடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோற்போர் மேல் ஏறி இறங்கி, மாவு மில்லைத் தாண்டி, வேலிக்கு ஊடே நுழைந்து, தேன்பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு வேளைக்குச் சரியாக வீடு வந்து சேர்கிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். படத்திலோ முதலிலிருந்தே கோழிக்குப் பின்னால் ஒரு நரி. அது பாயும்போதெல்லாம் ஏதாவது வந்து வாய்க்கிறது. தரையில் கிடந்த, பல் வைத்த குப்பைவாரியை மிதிக்க, காம்பு எழும்பி முகத்தில் அடிக்கிறது. குளத்தில் விழுகிறது. மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த ஓட்டம் பிடிக்கிறது. கோழி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நரி என்ற சொல் நூலில் ஓரிடத்திலும் கிடையாது.

வரியை வாசிக்கும் டீச்சர் ஒரு கோழியின் நடையைச் சொல்லிக்கொண்டு போகிறார். படத்தைப் பார்க்கும் குழந்தைக்கு அது நரியின் கதை. கோழிக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டது, வாசிக்கிறவரும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை என்றானதும் நாலு வயதுப் பிள்ளையால் சும்மா உட்கார முடியாது. "டீச்சர், பின்னாடி, பின்னாடி!" என்று எழுந்து நின்றுவிடும். மழலையர் வகுப்பில் படநூலின் வேலை அந்தக் கூச்சலில்தான் தொடங்குகிறது. குறுக்கே, சுற்றி, மேலே, ஊடே, அடியில் என்று எல்கேஜி பாடத்திட்டத்தில் தனிப்பாடமாக வரும் இடச்சொற்கள் அத்தனையும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன என்பது பிறகுதான் உறைக்கிறது. 'இப்போது இடச்சொற்கள் படிக்கப்போகிறோம்' என்று அந்த நூல் எங்கும் சொல்வதில்லை.

இப்படிப்பட்ட நூலையும் படம் போட்ட பாடநூலையும் நாம் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 'அ' பக்கத்தில் அம்மா, 'ஆ' பக்கத்தில் ஆடு. இங்கே படத்துக்கு ஒரே வேலை, சொல்லுக்குச் சான்று நிற்பது. இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் நியூரம்பெர்க்கில் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டஸ்' 150 பாடங்கள் கொண்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணுக்குரிய சொல்லைக் கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் அச்சிட்டார். அகரவரிசையைக்கூடக் காகம் கரைவது, ஆடு கத்துவது போன்ற ஒலிகளோடு தொடங்கினார். பிரம்படியும் மனப்பாடமும் ஆண்ட காலத்தில் அது பெரிய புரட்சி. கிண்டர்கார்ட்டன் என்ற பெயரையே தந்த ஃபிரெடரிக் ஃபிரோபெலும் 1844இல் அம்மாக்களுக்காகப் படமும் பாட்டும் விரல் விளையாட்டும் சேர்ந்த நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆனால் படமும் எழுத்தும் ஆளுக்குப் பாதியாகக் கதையைத் தூக்கிச் சுமக்கும் வடிவம், இங்கிலாந்தின் ராண்டால்ஃப் கால்டெகாட் போன்ற ஓவியர்கள் வழியாக 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் உருவானது.

பெரும்பாலான படநூல்கள் ஏன் 32 பக்கம் என்று கேட்டால் பதில் அச்சகத்தில் இருக்கிறது. பெரிய தாளை மடித்து வெட்டினால் 16, 32 என்றுதான் பக்கம் வரும். இந்த வணிகக் கட்டாயம் ஒரு கலைவடிவத்தையே செதுக்கிவிட்டது. முன்பக்கத்தையும் விவரப் பக்கங்களையும் கழித்தால் கதைக்குக் கிடைப்பது சுமார் ஒரு டஜன் விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தை விரித்தால் ஒன்றாகத் தெரியும் எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப வைப்பது என்பதெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்யப்படுகின்றன. நரி பாய்வது ஒரு விரிபக்கம், விழுவது அடுத்தது. நடுவில் தாள் திரும்பும் அந்த நொடியில் குழந்தை ஊகிக்கிறது. வாசிப்பவர் அந்த நொடியில் கொஞ்சம் நின்றால் போதும். அவசரமாகத் திருப்பிவிட்டால் அந்த நூலில் பாதி வீண்.

குழந்தையின் கண் எங்கே போகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் ஜான் செயின்ட் ஓபினும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் வாசித்துக் காட்டும்போது மழலையர் கண்ணசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தனர். பிள்ளைகள் ஏறத்தாழ முழு நேரமும் படத்தையே பார்த்தார்கள். எழுத்தின் பக்கம் பார்வை போனது மிக அரிது. கதை வாசித்துக் காட்டினால் எழுத்து தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டீச்சர் விரலை வரியின் அடியில் ஓட்டிக் காட்டினால், 'இந்த எழுத்து உன் பேர்லயும் இருக்கு பாரு' என்று சொன்னால், கண் அங்கே போகும். இல்லாவிட்டால் போகாது. போகாததில் தப்பும் இல்லை.

படநூல் வாசிப்பின் பலனை ஊதிப் பெருக்கிச் சொல்லும் பழக்கம் கல்விப் பேச்சாளர்களிடம் உண்டு. 1995இல் ஆட்ரியானா பஸ் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் மொழி, வாசிப்புத் திறன்களில் காணும் வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்தைத்தான் சேர்ந்து வாசிப்பதைக் கொண்டு விளக்க முடிந்தது. எட்டு சதவீதம் கொஞ்சமல்ல, மந்திரமும் அல்ல. எவ்வளவு வாசித்தோம் என்பதைவிட எப்படி வாசித்தோம் என்பதில்தான் மீதி விஷயம் இருக்கிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர் நியூயார்க் மாநிலத்தில் பணியாற்றிய உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட். 1988இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரை இரண்டு பிரிவாக்கினர். இரு பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வாசித்தன. ஒரு பிரிவு மட்டும் வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டது: கதையைச் சொல்வதை மெல்லமெல்லக் குழந்தையிடம் ஒப்படைப்பது, பெரியவர் கேட்பவராக மாறுவது. நான்கே வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சுத்திறன் மற்றவர்களைவிடப் பல மாதம் முன்னே போயிருந்தது. பிறகு மெக்சிகோவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் வரும் பகல்நேரக் காப்பகத்திலும் இம்முறை பலன் தந்தது. இதில் செலவே இல்லை என்பதுதான் நம்மூருக்கு முக்கியம்.

முறை இப்படிப் போகும். டீச்சர் படத்தைக் காட்டி "இங்க என்ன நடக்குது?" என்கிறார். குழந்தை "நரி" என்று ஒரே சொல்லில் நிறுத்துகிறது. "ஆமா கண்ணு, நரி. சத்தமே போடாம கோழி பின்னாடி போவுது. ஏன் சத்தம் போடல?" "கோழி ஓடிரும்." "ஆமா, சத்தம் கேட்டா கோழி ஓடிப் போயிரும். எங்க, நீ சொல்லு." குழந்தை முழுசாகச் சொல்கிறது. கேட்பது, சொன்னதை ஏற்பது, அதை இரண்டு மூன்று சொல் நீட்டுவது, நீட்டியதைக் குழந்தையின் வாயால் திரும்ப வரவைப்பது. இரண்டாம் மூன்றாம் வாசிப்பில் "உங்க வீட்டுக் கோழி இப்படித் தனியா சுத்துமா?" என்று கதையை ஊருக்குள் இழுத்து வரலாம். அப்போதுதான் பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கிய கதையெல்லாம் வெளியே வரும்.

நம் வகுப்பறைகளில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் வேறு ரகம். "இது என்ன கலர்? எத்தனை மரம் இருக்கு? இது என்ன விலங்கு?" எல்லாவற்றுக்கும் டீச்சருக்கு விடை தெரியும், டீச்சருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். படநூல் அந்த நிமிடமே பரீட்சைத்தாள் ஆகிவிடுகிறது. கடைசிப் பக்கம் முடிந்ததும் "இந்தக் கதையிலேருந்து என்ன தெரியுது?" என்ற கேள்வி வந்தால் மிச்சமிருந்ததும் போச்சு. நாலு வயதுப் பிள்ளைக்கு நீதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆத்திசூடி அதைச் சுருக்கமாகவும் நன்றாகவும் சொல்லியிருக்கிறது. குளத்தில் விழுந்த நரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அந்தச் சிரிப்புக்குக் காரணம் கேட்டு மடக்குவது தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

இன்னொன்று, புதுப்புதுப் புத்தகமாக வேண்டும் என்ற எண்ணம். "நேத்து சொன்ன கதையே சொல்லுங்க டீச்சர்" என்று பிள்ளை கேட்பதை சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் மறுப்பு. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களும் வெவ்வேறு கதைகள் கேட்டவர்களும் புதுச் சொற்களைச் சம அளவு தடவை கேட்டார்கள். ஆனால் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டது ஒரே கதையைக் கேட்டவர்கள்தான். முதல் தடவை கதை எங்கே போகிறது என்பதிலேயே கவனம் செலவாகிறது. மூன்றாம் தடவை கவனிக்க நேரம் கிடைக்கிறது. இதே ஹார்ஸ்ட் பிறகு சோயி ஃப்ளாக்குடன் செய்த ஆய்வில், இரண்டு பக்கமும் பெரிய படங்கள் நிறைந்த நூலைவிட ஒரு நேரத்தில் ஒரே படம் தெரியும் நூலிலிருந்து பிள்ளைகள் கூடுதல் சொற்களைக் கற்றனர். வாசிக்கும் முன் எந்தப் படம் என்று கையை வீசிக் காட்டினாலே அந்த வித்தியாசம் மறைந்தது. கூடவே இன்னொரு தகவல்: இழுத்துப் பார்க்கும், தூக்கிப் பார்க்கும் அட்டைகள் வைத்த அகரவரிசை நூல்களில் பிள்ளைகள் எழுத்தைக் குறைவாகவே கற்கிறார்கள் என்று சிந்தியா சியாங், ஜூடி டிலோச் ஆகியோரின் ஆய்வு சொல்கிறது. கை வேலையில் கவனம் போய்விடுகிறது. புத்தகக் கண்காட்சியில் ஆயிரம் ரூபாய் கொடுத்து அப்படிப்பட்ட நூலை வாங்க நிற்பவர்கள் யோசிக்கலாம்.

பேசும் விலங்குகள் பற்றி ஒரு பழைய சண்டை இருக்கிறது. அதில் சென்னைக்கும் தொடர்பு உண்டு. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, உலகப்போரால் பல ஆண்டு இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மாயக்கதை வேண்டாம், உள்ள உலகத்தைக் காட்டுங்கள் என்பது அவர் கட்சி. 2014இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பேட்ரீஷியா கனேயா குழு வெளியிட்ட ஆய்வு அவருக்குப் பாதி ஆதரவு தருகிறது: விலங்குகள் மனிதர்போல் பேசும் நூல் வழியாக அவ்விலங்கைப் பற்றிய உண்மைத் தகவலைப் பிள்ளைகள் குறைவாகவே கற்றனர், மனிதக் குணங்களை விலங்குக்கு ஏற்றிச் சொன்னார்கள். அப்படியானால் தவளையின் வளர்ச்சியைச் சொல்ல வேண்டிய இடத்தில் சட்டை போட்ட தவளை வேண்டாம். ஆனால் கோபம், பொறாமை, அம்மாவைப் பிரிந்த பயம் இவற்றைப் பேச சட்டை போட்ட தவளைதான் வேண்டும். பாட்டி வடை சுட்ட கதையில் காக்காய்க்கு வடை ஜீரணமாகுமா என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

தமிழில் இந்த விஷயம் முழுக்க வேறொரு முடிச்சில் போய் நிற்கிறது. ஆங்கிலக் குழந்தை பேசும் மொழிக்கும் அதன் படநூலின் மொழிக்கும் இடைவெளி சிறிது. நம் பிள்ளை "வந்துச்சு", "இல்லாட்டி", "அவங்க சொன்னாங்க" என்று பேசிக்கொண்டு வகுப்புக்கு வருகிறது. புத்தகம் "வந்தது", "இல்லாவிட்டால்", "அவர்கள் கூறினர்" என்கிறது. வினைமுற்று மாறுகிறது, வேற்றுமை உருபு மாறுகிறது, சில நேரம் சொல்லே மாறுகிறது. ஒன்றாம் வகுப்பில் பாடநூலைத் திறக்கும்போதுதான் இந்த மொழியைப் பல பிள்ளைகள் முதன்முதலாகச் சந்திக்கின்றன. எழுத்துக்கூட்டி வாசித்தும் பொருள் விளங்காமல் முழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாசித்த சொல் காதில் விழுந்த சொல்லாக இல்லை.

டீச்சர்கள் இதற்கு இரண்டு வழி கையாளுகிறார்கள். சிலர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கப் பேச்சுமொழியிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் ரசிக்கின்றன, எழுத்துத் தமிழ் மட்டும் காதில் விழாமலே போகிறது. வேறு சிலர் அச்சில் இருப்பதை அப்படியே வாசித்து, நாலு சொல்லுக்கு ஒரு தரம் நிறுத்தி, "மகிழ்ச்சின்னா சந்தோஷம்" என்று உரை சொல்கிறார்கள். கதை செத்துவிடுகிறது. எனக்குச் சரியாகப் படுவது மூன்றாவது வழி. முதல் நாள் படத்தை மட்டும் காட்டி அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே கதை முழுவதையும் பேசி முடிப்பது. அடுத்த நாள் அதே நூலை அச்சில் உள்ளபடி, நிறுத்தாமல், நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பது. கதை தெரிந்துவிட்டதால் "நுழைந்தது" என்பதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, படத்தில் கோழி வேலிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. நாலாம் நாள் பிள்ளைகள் தாங்களே "என்றது", "சென்றது" என்று சேர்ந்து சொல்லும், விளையாட்டிலும் அதைப் போட்டுப் பார்க்கும். விவரிப்பை எழுத்துத் தமிழிலும் பாத்திரங்களின் பேச்சைப் பேச்சுத் தமிழிலும் எழுதும் படநூல்கள் இந்த வேலையை இன்னும் இலகுவாக்குகின்றன. தமிழ்ச் சிறுகதை பல காலமாகச் செய்துவரும் ஏற்பாடு அது. குழந்தை நூலில் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும் என்று தெரியவில்லை.

தமிழ் தெரியாத பிள்ளைகளும் இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசிக்கொண்டு வருகிறார்கள். எழுத்தே இல்லாத படநூலுக்கு அங்கேதான் உண்மையான தேவை. படம் எல்லோருக்கும் பொது. ஒரு பிள்ளை இந்தியில் சொன்னதைப் பக்கத்துப் பிள்ளை தமிழில் திருப்பிச் சொல்லும். டீச்சருக்கு இந்தி தெரியாவிட்டாலும் வகுப்பு நடக்கும்.

நூல்களுக்குப் பஞ்சம் முன்போல் இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட் பல பத்தாண்டுகளாக மலிவு விலையில் தமிழிலும் படநூல்கள் தருகிறது. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா, தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் ஒரே நூலைக் கொண்டுவருகிறது. இரு மொழி சேர்ந்த பதிப்புகளும் உண்டு. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015இல் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து, யாரும் இலவசமாக இறக்கி அச்சிட்டு மொழிபெயர்த்துக்கொள்ளும்படி நூல்களை வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்புத் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும். வகுப்புக்கு எடுக்கும் முன் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்துவிட வேண்டும். தமிழகப் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கான திட்டம்தான், என்றாலும் 'நுழை' வரிசையை யுகேஜி பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டத் தடையில்லை.

இடம்தான் பிரச்சினை. 2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியது. இவை தவிர ஊர்தோறும் அங்கன்வாடிகள். இன்றும் பலருக்கு அவை பால்வாடிதான். அங்கே ஒரே அறையில் இரண்டு வயதும் ஐந்து வயதும் கலந்து உட்கார்ந்திருக்கும். உள்ளங்கை அகலப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் முதல் வரிசைக்கு மட்டும்தான் தெரியும். பின்வரிசை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளத் தொடங்கும். நியூசிலாந்தின் டான் ஹோல்டவே இதற்காகவே பெரிய அளவில் அச்சிட்ட நூல்களை வைத்து வகுப்போடு சேர்ந்து வாசிக்கும் முறையைப் பரப்பினார். 1979இல் அதை நூலாகவும் எழுதினார். விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் வெள்ளைத்தாள். மேலே உலோகப் பட்டையோடு ஆணியில் மாட்டவும் வசதி. பக்கத்துக்கு ஒரு வரியை டீச்சர் பெரிதாக எழுத, படத்தைப் பிள்ளைகளே வரைந்தால் அந்தப் புத்தகம் கிழியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கும் நேரமில்லாதபோது ஆறேழு பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வாசித்துவிட்டு, மற்றவர்களை மணலிலோ கட்டைகளிலோ விட்டுவிடலாம்.

தனியார் பள்ளிகளில் நெருக்கடி வேறு வடிவத்தில் வருகிறது. மாலையில் அம்மா பையைத் திறந்து, "இன்னிக்கு என்னடா எழுதுன?" என்று நோட்டைத் தேடுகிறார். கட்டணம் கட்டியவருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பள்ளியும் நாலு வயதுக் கையில் நாலுவரி நோட்டைக் கொடுக்கிறது. நரியைப் பற்றி இருபது நிமிடம் பேசிய பேச்சு நோட்டில் ஏறாது. சில டீச்சர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: பிள்ளை வரைந்த படத்தின் கீழே, அது சொன்ன வாக்கியத்தை அதன் சொல்லிலேயே எழுதி அனுப்புகிறார்கள். "நரி மேல மாவு கொட்டிருச்சு, பேய் மாதிரி ஆயிருச்சு." அதை வாசித்த வீட்டில் அன்றைக்கு எழுத்து எண்ணிக்கை பற்றிக் கேள்வி வருவதில்லை.

அரசு மையங்களில் புத்தகத்தைத் தடுப்பது பெரும்பாலும் இருப்புப் பதிவேடு. வந்த நூல்கள் எண்ணிக் குறிக்கப்பட்டு பீரோவுக்குள் போகின்றன. ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிக்கையைக் கேட்பார். ஒன்று கிழிந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியது டீச்சர். அதனால் சாவி இடுப்பிலேயே இருக்கிறது. ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகள் தொடும் புத்தகம் ஒரு வருடத்தில் கிழியத்தான் செய்யும். அதைத் தேய்மானம் என்று பதிவேட்டிலேயே கழித்துக்கொள்ள ஒரு வரி உத்தரவு போதும். சில மையங்களில் டீச்சர்கள் உத்தரவுக்குக் காத்திருக்காமல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரம் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு நூல்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதுகுப் பக்கம் பிரிந்தவற்றுக்கு செலோடேப் நிற்காது. பைண்டிங் துணியை மைதாப் பசையில் ஒட்டினால் இன்னும் ஒரு வருடம் தாங்கும்.